விலங்கோடு வந்தவர்

பெருவெள்ளம் வந்து வடிந்த மறுவருடம் அது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, கொச்சி ராஜ்ஜியத்தின் எல்லையோரம், பனைமரங்களுக்கு நடுவில் தனியாக நின்ற தோட்டத்து வீட்டின் வாசலில் கமலாத்தாள் கடலைக்காயைக் காயவைத்துக் கொண்டிருந்தாள். உச்சிவெயில். நிழல் காலடிக்குள் சுருண்டிருந்தது. மாட்டுக் கட்டுத்தறிப் பக்கம் படுத்திருந்த நாய் எழுந்து வண்டித்தடத்தைப் பார்த்தது. குரைக்கப் போவதுபோல் வாயைத் திறந்தது. பிறகு என்ன நினைத்ததோ, வாலை ஒடுக்கிக்கொண்டு வைக்கோற்போருக்குப் பின்னால் போய்விட்டது.

தடத்தில் ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் காக்கி உடுப்புப் போட்டிருந்தார்கள். ஐந்தாவது ஆளின் இரண்டு கைகளிலும் விலங்கு. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வேட்டி முழங்காலுக்கு மேல் கிழிந்து தொங்கியது. ஒரு காலை ஊன்ற முடியாமல் நொண்டி நொண்டி வந்தார்.

முன்னால் வந்தவன் இன்ஸ்பெக்டர். நல்ல உயரம், முறுக்கிய மீசை. வாசலுக்கு வெளியிலேயே நின்று, அதட்டாமல் கேட்டான்.

"சென்னியப்பப் பண்ணாடி ஊடு இதுதானே அம்மா?"

"ஆமாங்க."

"பயப்படாதீங்க. ஒரு விசாரணை. அவரைக் கொஞ்சம் வரச்சொல்லுங்க."

கமலாத்தாள் கூப்பிடுவதற்குள் சென்னியப்பனே கட்டுத்தறியிலிருந்து வந்துவிட்டான். கையில் ஒட்டியிருந்த பருத்திக்கொட்டைச் சக்கையை வேட்டியில் துடைத்தபடி காக்கியைப் பார்த்தவன், அப்படியே நின்றான். தலையில் கட்டியிருந்த துண்டு தானாக இடுப்புக்கு வந்தது.

"தை மாசத்துல பொள்ளாச்சிச் சந்தையில ஒரு ஜோடி மாடு வாங்குனீங்களாமே" என்றான் இன்ஸ்பெக்டர்.

வாங்கியது உண்மை. விலை குறைவு என்பதும் உண்மை. விற்றவன் யார், எந்த ஊர் என்று சென்னியப்பன் கேட்டுக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. கேட்டால் விலை ஏறிவிடும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு ஓட்டிவந்தான். அன்றிலிருந்தே அவனுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. இப்போது அது காக்கி போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் விலங்கிட்டவரைப் பிடித்து முன்னால் தள்ளினான்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மாட்டை வித்தது இவந்தானே?"

சென்னியப்பன் பார்த்தான். அன்று அவன் மாட்டின் பல்லைப் பார்த்தான், சுழியைப் பார்த்தான், குளம்பைத் தூக்கிப் பார்த்தான். ஆளின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இவனாட்டத்தான் தெரியுதுங்க எசமான்."

"இவனாட்டமா, இவனேவா?"

சென்னியப்பன் இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டான்.

"இவனேதானுங்க" என்றான் சென்னியப்பன்.

விலங்கிட்டவர் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ பழக்கமான ஒன்றைத் திரும்பவும் காண்கிறவர்போலப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவரை வீட்டின் முன்கூடமான ஆசாரத்தில், தூணோடு சேர்த்துக் கட்டினார்கள்.

கமலாத்தாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ ஒரு களவாணி, அவன் செய்த வினைக்குத் தன் புருஷன் கைகட்டி நிற்கிறான். போலீஸைப் பார்த்துப் பேச வாய் வராது. தூணில் கட்டியிருந்தவரைப் பார்த்துப் பேச வந்தது.

"உன்ற ஊடு வெளங்குமாடா? உழைச்சுத் திங்கிற ஊட்டுக்குள்ள போலீசைக் கூட்டியாந்து உட்டியே, நீ நல்லா இருப்பியா? உன்ற குடி மண்ணாப் போகோணும்!"

குனிந்து வாசல் மண்ணை இரண்டு கையாலும் அள்ளி அவர்மேல் தூற்றினாள். கண்ணிலும் மீசையிலும் மண் விழுந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லாததால் அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"அம்மிணி, நான் குப்பண்ணனுங்க. கோவிந்தாபுரத்துக் குப்பண்ணன்."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரன் தடியால் அவர் விலாவில் இடித்தான். அதற்குமேல் அவர் பேசவில்லை. திருடனுக்கு ஊரும் பேரும் வேறு ஒரு கேடா என்று முணுமுணுத்துவிட்டு அவள் திரும்பிக்கொண்டாள்.

சோதனை ஒழுங்காக நடந்தது. திருட்டு நகையும் கைமாறியிருப்பதாகத் தகவல், வீட்டு நகையை ஸ்டேஷனில் ஒத்துப்பார்த்துத் திருப்பித் தருவோம் என்றான் இன்ஸ்பெக்டர். "நீங்களே பெட்டியைத் திறந்து எடுத்துக் குடுங்க அம்மா. பொம்பளைங்க பெட்டியை நாங்க தொடமாட்டோம்." அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்தது. தோடும் காப்பும் அட்டிகையும் அவளே எடுத்து, சிதறாமல் இருக்கட்டும் என்று அவளே துணியில் முடிந்து கொடுத்தாள். தாலிச்சரட்டில் கை வைத்தபோது, "அது வேண்டாம், அது உங்களுக்கு இருக்கட்டும்" என்றான். அவள் கும்பிட்டாள்.

நான்கு பேருக்கும் சோறு போட்டாள். பரிமாறும்போது ஒருவனுடைய காலில் காக்கிப் பட்டிக்குப் பதிலாகச் சாக்குத் துணி சுற்றியிருந்ததைப் பார்த்தாள். இன்னொருவனுக்கு உடுப்பு தோளில் தொங்கியது. கொச்சி சர்க்காரில் இவ்வளவுதான் வசதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மேலும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். தூணில் இருந்தவருக்கு இலை போடவில்லை.

கிளம்பும்போது சென்னியப்பனையும் வரச்சொன்னார்கள். "ஒரு வாக்குமூலம், அவ்வளவுதான். பொழுதோட வந்துருவாரு." விலங்கின் ஒரு வளையத்தைக் கழற்றி, விலங்கிட்டவரின் ஒரு கையோடு சென்னியப்பனின் கையைச் சேர்த்துப் பூட்டினார்கள். யாரும் இழுக்கவில்லை. சென்னியப்பன் தானாகவே கையை நீட்டினான். மாட்டையும் அவிழ்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த தோட்டத்தில் கடலைக்கொடி ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்தார்கள். எங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பட்டப்பகலில், ஊர் பார்க்க, வண்டித்தடத்தின் நடுவில் அவர்கள் நடந்து போனார்கள்.

பொழுது இறங்கியது. அவன் வரவில்லை.

மறுநாள் விடிந்ததும் சென்னியப்பனின் தம்பி ஆறுச்சாமி சித்தூர்ப் போலீஸ் கச்சேரிக்குப் போனான். மத்தியானம் திரும்பி வந்தவன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்க ஆளுக ஒருத்தரும் அந்தப் பக்கமே வரலைன்னு சொல்றாங்க, அண்ணி. இன்ஸ்பெக்டர் வெளியூருக்குப் போயிப் பத்து நாளாச்சாம். எட்டு ஊட்டுல இப்படி ஆயிருக்குதாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. அங்க நடந்தா இங்கத்த போலீசு கேக்காது, இங்க நடந்தா அங்கத்த போலீசு கேக்காது. அதான் தைரியம்."

"அப்ப வந்தவங்க?"

"திருடனுக, அண்ணி."

கமலாத்தாள் அழுவாள் என்று ஆறுச்சாமி எதிர்பார்த்திருந்தான். அவள் ஆசாரத்துத் தூணைத் திரும்பிப் பார்த்தாள். அதன் அடியில், நேற்று அவள் தூற்றிய மண் இன்னும் கூட்டப்படாமல் கிடந்தது. நகை நினைவுக்கு வரவில்லை. புருஷன்கூட ஒரு நொடி கழித்துத்தான் நினைவில் வந்தான்.

"திருடனுக நாலு பேருன்னா, அந்த அஞ்சாவது ஆளு யாரு?" என்று கேட்டாள்.

சென்னியப்பன் மூன்றாம் நாள் வந்தான். கபிரியேல் என்கிற விவசாயியின் மாட்டுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. உடம்பில் வேறு அடியில்லை. ஆனாலும் வண்டியிலிருந்து இறங்கத் தெரியாதவன்போல உட்கார்ந்திருந்தான். நடந்ததை ஒரே மூச்சாக அவன் சொல்லவில்லை. ஒரு வாரம், பத்து நாள், சோற்றில் கை வைத்தபடியோ, ஏற்றம் இறைக்கிற நேரத்திலோ துண்டு துண்டாகச் சொன்னான்.

ஒரே விலங்கில் இருவரும் நடந்தார்கள். குப்பண்ணன் அவனுக்கு ரகசியமாகச் சொல்லிவிட்டார். நாலு நாளைக்கு முன்னால் அவர் வீட்டுக்கும் இப்படித்தான் வந்தார்கள். வேறொருவனை விலங்கிட்டு அழைத்துவந்து, இவனிடம்தானே நீ வாங்கினாய் என்றார்கள். அவரும் பயத்தில் ஆமாம் என்றார். அன்றிலிருந்து அவரை வீடுவீடாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். "உன்ற ஊட்டுல ஒருத்தனைக் காவலுக்கு உட்டுருக்கறோம். நீ யாருன்னு வாயைத் தொறந்தா உன்ற பொண்டாட்டி உசுரோட இருக்கமாட்டா" என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் எல்லை ஓடை வந்தது. குப்பண்ணனால் அதற்குமேல் நடக்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் அவரிடமும் அன்பாகத்தான் பேசினான்.

"உன்ற கேசு முடிஞ்சுது பெரியவரே. நீ ஊட்டுக்குப் போலாம்."

விலங்கைக் கழற்றினார்கள். அவர் நம்பினார். கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். கிழிந்த வேட்டியை இறக்கிக் கட்டினார். சென்னியப்பனைப் பார்த்து, "வர்றனுங்க" என்று ஒறம்பரையாக விருந்துக்கு வந்த வீட்டிலிருந்து கிளம்புகிறவர்போலச் சொன்னார். சாக்குத்துணி சுற்றியவன் அவரைப் பனங்காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது தனியாக வந்தான்.

"நான் திரும்பிப் பாக்கல கமலாத்தா" என்றான் சென்னியப்பன். இதைச் சொன்ன நாளில் அவன் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் கபிரியேல் வீட்டு வாசலில், குப்பண்ணன் நின்ற இடத்தில் சென்னியப்பன் நின்றான். அவனுக்கும் அதே மிரட்டல்தான். கபிரியேல் கைகட்டி நின்றார். அவருடைய மனைவி புஷ்பமேரி உள்ளேயிருந்து கஞ்சிச் சட்டியோடு வந்தாள். நேராக விலங்கிட்டவனிடம் வந்தாள். இன்ஸ்பெக்டர் தடுத்தான்.

"அவன் திருடன் அம்மா."

"இருக்கட்டுங்க. பசிச்ச மூஞ்சி."

கஞ்சியை அவன் வாயில் வைத்து ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, "எந்த ஊருப்பா? உம் பேரு என்ன?" என்று சாதாரணமாகக் கேட்டாள். சென்னியப்பன் சொல்லவில்லை. அவனால் முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு விலங்குக்கு அடியில் தெரிந்த மணிக்கட்டைப் பார்த்தாள். தோல் புதிதாக உரிந்திருந்தது. விரலில் கடலைக்கொடிக் கறை போகாமல் இருந்தது. திருடன் எவனும் கஞ்சி குடிக்கும்போது இப்படி அழமாட்டான் என்று அவளுக்குத் தோன்றியதாம்.

சட்டியைக் கழுவிவருகிறேன் என்று உள்ளே போனவள் புறக்கடை வழியாக மாதா கோயில் களத்துக்கு ஓடினாள். தவக்காலத்து ஜெபத்துக்காக ஊர் கூடியிருந்தது. கோயில் மணி தப்பான நேரத்தில் அடித்தது. அரிவாளும் கடப்பாரையுமாக ஆட்கள் வந்தபோது இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். சாக்குத்துணிக்காரன் அதில் ஒருவன். இன்ஸ்பெக்டராக வந்தவனும் இன்னொருவனும் நகை மூட்டையோடு கிழக்கே ஓடி, எல்லையைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் பிறகு அகப்படவே இல்லை.

குப்பண்ணனை ஓடையில் எடுத்தார்கள். பனங்காட்டை ஒட்டி, ஓடையின் நடுமணலில் பிணமாகக் கிடந்தார். இந்தக் கரை கொச்சி ராஜ்ஜியம், அந்தக் கரை வெள்ளைக்காரன் சீமை. இரண்டு பக்கத்துப் போலீஸும் வந்து, இது யாருடைய எல்லை என்று வெயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெயில் படாமலிருக்க ஊர்க்காரர் ஒருவர் பனையோலையை வெட்டி அவர்மேல் போட்டிருந்தார்.

வழக்கு நடந்தபோது சென்னியப்பன் சாட்சிக்குப் போனான். கூண்டில் நின்றவர்களைக் காட்டி, இவர்கள்தானா என்று கேட்டார்கள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். திரும்பத் திரும்பக் கேட்டும், இவன்தான் என்கிற சொல் அவனிடமிருந்து வரவில்லை. புஷ்பமேரியும் கபிரியேலும் சொன்ன சாட்சியில்தான் தண்டனை ஆனது.

உழவு, விதைப்பு எல்லாம் எப்போதும்போல நடந்தன. கமலாத்தாளுக்கு மட்டும் உச்சிவேளை ஆகாமல் போயிற்று. காலையில் சரியாக இருப்பாள். நிழல் காலடிக்கு வருகிற நேரத்தில், எங்கே இருந்தாலும், பின்னால் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது தெரியும். திரும்பினால் இருக்காது. தூணைச் சுற்றிச் சாணம் போட்டு மெழுகினாள். காய்ந்ததும் அங்கே மண் உதிர்ந்து கிடப்பதுபோல இருக்கும். கூட்டுவாள். வாரியலில் ஒன்றும் வராது. பூசாரியைக் கூட்டிவந்து ஆறுச்சாமி மந்திரிக்க வைத்தான். கயிறு கட்டினார்கள். அவளை அது பயமுறுத்தியிருந்தால் கயிற்றுக்கு அடங்கியிருக்கும். அது பயமுறுத்தவில்லை. தன் பேரை மட்டும் சொன்னது. மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சில நாள் இன்னொரு குரலும் கேட்கும். "அது வேண்டாம், அது உங்களுக்கு இருக்கட்டும்." அப்போது தாலியைத் தொட அவளுக்கு அருவருப்பாக இருக்கும்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் வெள்ளைச் சீலை கட்டிய ஒருத்தி தடத்தில் நடந்து வந்தாள். தலையில் முக்காடு இல்லை. வெயிலைப் பொருட்படுத்தாத நடை.

"நான் வள்ளியாத்தாளுங்க. கோவிந்தாபுரம்" என்றாள். "எங்கூட்டுக்காரரு கடைசியா வந்த ஊடு இதுன்னு சொன்னாங்க."

சென்னியப்பன் அவளைப் பார்த்ததும் கலப்பையை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். கமலாத்தாள் அவளை ஆசாரத்தில் உட்காரச் சொன்னாள்.

"எங்க நின்னாருங்க?"

கமலாத்தாள் தூணைக் காட்டினாள். வள்ளியாத்தாள் எழுந்துபோய் அதன் அருகில் உட்கார்ந்தாள்.

"ஏதாச்சும் சொன்னாருங்களா?"

பொய் சொல்லலாம். மோர் கொடுத்தேன், குடித்தார் என்று சொல்லலாம். சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"பேரு சொன்னாருங்க. கோவிந்தாபுரத்துக் குப்பண்ணன்னாரு."

வள்ளியாத்தாள் நம்பாமல் பார்த்தாள். "அவரா? அவரு பேர அவரு வாயால சொல்லமாட்டாருங்க. அத்தன கூச்சம். சந்தையில யாராச்சும் கேட்டாக்கூட என்னையப் பாப்பாரு, நாந்தான் யாராச்சும் ஒறமுறை பேரச் சொல்லி, இன்னாரு மச்சான்னு சொல்லுவேன்."

"மிரட்டி வெச்சிருந்தாங்களாமுங்க. உங்கூட்டுல காவலுக்கு ஆளு இருக்குது, பேசுனா உங்களக் கொன்னு போட்டுருவோம்னு."

"எங்கூட்டுல யாருமே இருக்கலையே" என்றாள் வள்ளியாத்தாள். "எல்லாரும் அன்னைக்கே போயிட்டாங்களே." தூணில் கை வைத்தாள். "அதையும் மீறிச் சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கேக்காத மாதிரி திரும்பிக்கிட்டேனுங்க. அதுக்கு முன்னால மண்ணை வாரித் தூத்துனேன். உன்ற குடி மண்ணாப் போகோணும்னு சொன்னேன்."

வள்ளியாத்தாள் திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால் இன்னும் தேவலை. அவள் வெகுநேரம் அந்தத் தூணில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து சீலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வர்றனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். சென்னியப்பன் சொல்லக் கேட்ட, குப்பண்ணனின் கடைசிச் சொல் அது.

அடுத்த வருடம், அதே கடலைக்காய் பிடுங்குகிற நாளில், வள்ளியாத்தாள் திரும்ப வந்தாள். அதற்கடுத்த வருடமும் வந்தாள். வருவாள், தூணடியில் உட்காருவாள், உச்சி சாய்ந்ததும் போவாள். இருவரும் அதிகம் பேசுவதில்லை. மழை உண்டா, கடலைக்காய் என்ன விலை என்பதற்குமேல் பேச்சு போகாது. அவள் மன்னித்துவிட்டாளா என்று கமலாத்தாள் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் உச்சிவேளையில் மட்டும் பின்னால் யாரும் நிற்பது தெரியாது. அவர் தன் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்போலும் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அந்த நாளுக்காக அவள் வருடம் முழுவதும் காத்திருக்க ஆரம்பித்தாள்.

ஆறாவது வருடமோ ஏழாவது வருடமோ, வள்ளியாத்தாள் வரவில்லை.

கமலாத்தாள் தடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாளும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது வந்திருக்குமோ, செத்துத்தான் போயிருப்பாளோ என்று மனம் அடித்துக்கொண்டது. சென்னியப்பனிடம் சொல்லாமல் கோவிந்தாபுரத்துக்குப் போகிற ஒரு வண்டியில் ஏறினாள்.

வள்ளியாத்தாளின் வீட்டில் கூரை பிரித்துப் புதிதாக ஓடு வேய்ந்துகொண்டிருந்தார்கள். வாசல் முழுக்கச் செங்கல். வள்ளியாத்தாள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் சதை போட்டிருந்தது. கமலாத்தாளைக் கண்டதும் வியர்வையைத் துடைத்தபடி வந்தாள்.

"வாங்கம்மிணி, என்ன இத்தன தூரம்?"

"நீங்க வரலைங்களே. அதான் என்னமோ ஏதோன்னு..."

வள்ளியாத்தாளுக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. நெற்றியில் கை வைத்தாள்.

"அட, ஆமா. அந்த நாளு போயிருச்சுல்ல! ஓட்டு வேலை நடக்குதுங்க, மறந்தே போச்சு." சொல்லிவிட்டு, எதற்கோ கூச்சப்பட்டவள்போலச் சிரித்தாள். "உள்ள வாங்க. வந்தது வந்தீங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

கமலாத்தாள் சாப்பிட்டாள். வயிறு நிறையவே சாப்பிட்டாள். யாரும் யார் பேரையும் சொல்லவில்லை. மேலே ஓடு மாட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது வள்ளியாத்தாள் ஒரு முறத்தில் புளி கொடுத்தாள். வாசல்வரை வந்து நின்றவள், ஆட்கள் கூப்பிடவும் திரும்பி ஓடிவிட்டாள்.

திரும்பி வர வண்டி கிடைக்கவில்லை. எல்லை ஓடையை ஒட்டிப் போகிற தடத்தில் கமலாத்தாள் நடந்தாள். அவருக்குச் சொந்தமானவள் அவரை இறக்கி வைத்துவிட்டாள். நல்லதுதான், அப்படித்தான் ஆகவேண்டும். அவரை இனி நினைத்திருக்க யார் இருக்கிறார்கள் என்று நினைத்தபோதே, பின்னால் நொண்டிக்கொண்டு ஒருவர் வருவது அவளுக்குத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவரால் வேகமாக நடக்க முடியாது என்பதால், தன் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.